படகில் சும்மா உட்கார்ந்திருந்தவர்

ரசாயனக் கப்பல்கள் வந்து நிற்கும் அந்த ஜெட்டியில், கடலுக்குள் நீண்ட அந்தச் சரக்கு மேடையில், அவரைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயர் அவர் கழுத்தில் தொங்கிய நீல அனுமதிக் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. கிரேன்காரரிலிருந்து கேண்டீன்காரர் வரை மற்ற எல்லாருக்கும் அவர் 'இன்னொருதரம்'தான்.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. கப்பலின் குழாயையும் கரையின் குழாயையும் வாயோடு வாய் பொருத்தி, நடுவில் வாஷர் வைத்து, சுற்றிலும் போல்ட் முடுக்குவது அவர் வேலை. அந்தக் குழாய் வழியாக ஒருநாள் அமிலம் போகும், ஒருநாள் திரவ வாயு போகும். முடுக்கி முடித்துப் பத்தடி நடப்பார். நிற்பார். "இருங்க, இன்னொரு தரம் பாத்துட்டு வந்துடறேன்" என்று திரும்பிப் போவார். வால்வைத் திறக்கக் கை வைத்துக் காத்திருப்பவர் தலையில் அடித்துக்கொள்வார். வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "அந்தப் பூட்டு உங்க கையாலேயே தேஞ்சு சாகப்போகுது" என்பாள் அவர் மனைவி. ஆனால் இருபத்துமூன்று வருடங்களில் அவர் முடுக்கிய குழாயிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்ததில்லை. கிண்டல் செய்தவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

பிறவியிலேயே பயந்தவர் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது தப்பு. அவருடைய பயத்துக்கு ஒரு தேதி உண்டு. இருபத்தோராவது வயது வரை அவரைப்போல் துணிந்த கட்டை அந்தக் கரையில் கிடையாது.

அந்தத் தேதியைப் பற்றி அவர் வேலையிடத்தில் யாரிடமும் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் வரவில்லை. நீலக் கார்டு முறை வந்ததே அவர் சேர்ந்து ஆறேழு வருடம் கழித்துத்தான்; அதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். விண்ணப்பத்தில் 'கடந்த ஏழு ஆண்டுகளில் உங்கள் மீது வழக்கு உண்டா?' என்று ஒரு கேள்வி இருக்கும். 'இல்லை' என்று எழுதுவார். அது உண்மையும்கூட. விரல் ரேகையை எடுத்துக்கொண்டு புதுக் கார்டு கொடுத்துவிடுவார்கள்.

இந்தத் தடவை எங்கேயோ ஒரு துறைமுகத்தில் ஏதோ வெடித்தது. உடனே இங்கே விதியைத் திருத்தினார்கள். கேண்டீன் வாசல் பலகையில், அபாயச் சரக்கு கையாளும் இடத்துக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். இன்னொருதரம் மட்டும் அசையவில்லை. எத்தனை வருடமானாலும் அனுமதி கிடையாது என்ற குற்றப் பட்டியலில் மூன்றாவது வரி: வெடிபொருள் வைத்திருந்தது, பயன்படுத்தியது. புது விண்ணப்பத்தில் 'ஏழு ஆண்டுகளில்' என்ற சொற்களைத் தூக்கிவிட்டு 'எப்போதாவது' என்று போட்டிருந்தார்கள். அவர் மூன்றாவது வரியை இன்னொரு தரம் படித்தார்.

'இல்லை' என்றே எழுதிவிடலாமா என்று ஒரு வாரம் விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். நீதிமன்றப் பதிவெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, பொய் எழுதினால் அதுவே தனிக் கேஸ் என்று யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டபின் 'ஆம்' என்று எழுதினார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கார்டு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, அறுபது நாளுக்குள் விலக்கு கேட்டு முறையிடலாம், அதுவரை, கார்டு உள்ள ஒருவரின் கண்பார்வையில் இருந்தபடி மட்டும் உள்ளே வேலை செய்யலாம்.

கண்பார்வையாக வந்து சேர்ந்தவர் ஸ்டோர் கிளார்க். ஆள் பருமன், முட்டிவலிக்காரர். வாஷரும் கையுறையும் எண்ணிக் கொடுத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே இருந்தவரை, போய் இவர் பின்னால் நில் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஜெட்டி முழுக்க இன்னொருதரத்தின் பின்னால் நடந்தார். இன்னொருதரத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை மாட்டினார்கள். முதுகில் 'விருந்தினர்' என்று அச்சடித்திருந்தது. அந்த ஜெட்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டவர் விருந்தினர்!

"நீங்க முடுக்கிட்டு ஒரேயடியா வந்துட்டா என்ன? மறுபடி போய்ப் பாக்கணுமா? எனக்கு முட்டி போகுது அண்ணே" என்று கெஞ்சுவார் கிளார்க். கழிவறைக்குப் போனால் வாசலில் நின்றுகொண்டு, "உள்ளதான இருக்கீங்க? குரல் குடுங்க" என்பார். இன்னொருதரம் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். இதைப் பார்த்துத் துறையே சிரித்தது. அவருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. காலண்டரில் நாளை எண்ணினார். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். ஒரே நாளுக்குள் அது என்ன மாறிவிடப்போகிறது என்று மனைவி கேட்டாள்.

கார்டு போனால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. நாற்பத்தெட்டு வயதில், குழாய் மாட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆளை எந்த இடத்தில் எடுப்பார்கள்? சுற்றுவட்டாரத்தில் குழாய் மாட்டும் வேலை இருந்த இடமெல்லாம் அந்தத் துறைமுக வேலிக்கு உள்ளேதான் இருந்தது. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி.

இருபதாவது நாள் கார்டு அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுகிற ரகம். ஆனால் கோப்பை ஒழுங்காகப் படித்திருந்தார்.

"வெடி போட்டு மீன் பிடிச்ச கேஸ். ரெண்டு பேர். உங்க கூட்டாளிக்கு ஒரு வருஷம் ஜெயில், உங்களுக்கு மூணு மாசம். சரியா?"

"சரி மேடம்."

"தீர்ப்பிலேயே தெளிவா இருக்கே. திரியைக் கொளுத்தினது அவர், அவர் கையிலதான் வெடிச்சிருக்கு. நீங்க படகுல சும்மா உக்காந்திருந்தீங்க." அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? வெடியைக் கையாளாதவங்களுக்கு விலக்கு குடுக்க விதி இடம் குடுக்குது. அந்தக் கூட்டாளி இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப சுலபம். அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. கொளுத்தினது நான்தான்னு ஒரு வரி எழுதினா போதும். கார்டு கைக்கு வந்துடும்."

வெளியே வந்ததும், துணைக்கு வந்திருந்த ஸ்டோர் கிளார்க் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "சும்மா உக்காந்திருந்ததுக்கா அண்ணே இவ்வளவு பயந்தீங்க?" என்றார். இன்னொருதரம் நடைபாதை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

கொளுத்தியது அவர்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டாளிக்கு 'கவண்' என்று பெயர். எறிந்தால் குறி தப்பாது. படகிலிருந்தபடி கல்லை எறிந்து மிதக்கும் பாட்டிலை உடைப்பான். கல்குவாரியில் வேலை செய்த ஒருவனிடமிருந்து வெடித் தோட்டா கிடைத்தது. விடியும் நேரம். மீன் கூட்டம் மேலே வந்து பளபளத்தது. திரி நீளமாக இருந்தால் தோட்டா ஆழத்துக்குப் போய்த்தான் வெடிக்கும், அதற்குள் மீன் கலைந்துவிடும். அதனால் திரியைக் கத்தரித்தது நம்மவர். ஒரு விரல் அளவு வைக்கச் சொன்னான் கவண். "போதும்டா, பாதி விரல் போதும், எனக்குத் தெரியாதா" என்று கத்தரித்துக் கொளுத்தி, எறிவதற்காக அவன் கையில் கொடுத்தார். கவண் கையை ஓங்கினான். அவ்வளவுதான். வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர், "யாருடா கொளுத்தினது?" என்று கேட்டார். கவண் நினைவு தப்பிக் கிடந்தான். சட்டை முழுக்க அவன் ரத்தத்தோடு நின்ற இவர், "அவன்தான்" என்றார். யோசித்துச் சொன்னதல்ல, பயத்தில் வாய் தானாகச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் நின்று மறுபடி சொன்னாரே, அது யோசித்துச் சொன்னது. கை போனவன்தான் கொளுத்தியிருப்பான் என்று யாருக்கும் தோன்றும். கவண் கூண்டில் நின்று ஒன்றும் மறுக்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஜெயிலிலிருந்து வந்ததும் கவண் கடலை விட்டுத் தள்ளி, பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு ஊருக்குப் போய் சைக்கிள் கடை வைத்தார். இன்னொருதரம் இருபத்தேழு வருடங்களில் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொள்வார். இதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அவராலும் முடியவில்லை.

மனைவிக்கும் அவர் நீதிமன்றக் கதையைத்தான் சொல்லியிருந்தார். அவள் தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவள். எதையும் நேராகப் போட்டு நறுக்கென்று வெட்டிப் பேசுவாள்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? அந்த மனுஷன் பண்ண வேலைக்கு நீங்க இத்தனை வருஷம் பயந்து சாகறீங்க. ஒரு லெட்டர் குடுக்கறதுல அவருக்கு என்ன குறைஞ்சு போயிடும்? போய்ட்டு வாங்க."

போகாமல் பதினெட்டு நாள் கடத்தினார். முப்பத்தெட்டாவது நாள் போனார்.

கவண் டியூபைத் தரையில் வைத்து, வலது முன்கையின் மொட்டை நுனியால் அழுத்திக்கொண்டு, இடது கையால் பஞ்சர் இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். ஒரு நொடிதான். "டேய்!" என்று எழுந்து ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டார். "எங்கடா செத்துத் தொலைஞ்சே இத்தனை நாளா? தலையெல்லாம் நரைச்சுப் போச்சு!" என்றார். திட்டுவார், விரட்டுவார் என்று பஸ்ஸில் வரும்போதே தயாராகி வந்தவருக்கு இது தாங்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. கவணின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். நாற்பது பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் அப்படியே பழகிவிட்டது. வந்தவரை உட்கார வைத்து டீ கொடுத்தாள். கொடுக்கும்போதே கணவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார் என்று ஒரு திட்டு. எண்ணெய்க் கையோடு டம்ளரை எடுத்தார் என்று ஒரு திட்டு.

"அன்னைக்கு ஒழுங்கா இருந்திருந்தா இன்னைக்கு இந்த நிலைமை வருமா? வெடியைக் கொளுத்திக் கையிலேயே வெச்சுக்கிட்டு வேடிக்கை பாத்த மனுஷன் உலகத்துல இவர் ஒருத்தர்தான் அண்ணே இருப்பார்."

கவண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பல வருடமாகக் கேட்ட பாட்டு என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

இன்னொருதரம் வந்த காரியத்தைச் சொன்னார். கார்டு, விதி, மூன்றாவது வரி, லெட்டர். சொல்லச் சொல்லக் குரல் உள்ளே போய்விட்டது. கவண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "பேப்பர் எடு. என் கோணல் எழுத்தைப் பாத்தா ஆபீஸ்ல சிரிப்பாங்க. நீ எழுது, நான் சொல்றேன்" என்றார்.

டீச்சர் கோடு போட்ட தாளை எடுத்துத் தேதி எழுதினாள்.

"வெடியைக் கொளுத்தியது நான். திரியைச் சின்னதாக வெட்டியதும் நான். என் நண்பன் படகில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுதிட்டியா?"

"எழுதறேன், எழுதறேன்." பேனா நிற்கவில்லை. "திரியையும் இவர்தானாம், சின்னதா வெட்டினாராம். பக்கத்துல ஒருத்தர் அடக்கமா உக்காந்திருக்காரே, அவரைப் பாத்தாவது புத்தி வந்திருக்க வேணாம்?"

இன்னொருதரம் டம்ளரைக் கீழே வைத்தார். இன்னும் இரண்டு வரி எழுதிக் கவணின் ரேகையை வைத்தால் போதும். எழுந்து போய்விடலாம். மகள் படிப்பை முடிப்பாள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

"அண்ணி," என்றார். "கொளுத்தினது நான். வெட்டினதும் நான். அவன் ஒரு விரல் வைடான்னு சொன்னான். நான் கேக்கல. கொளுத்தி அவன் கையில நான்தான் குடுத்தேன். போலீஸ்ல மாத்திச் சொன்னதும் நான்தான்."

பேனா நின்றது. அவள் இவரைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்தாள்.

"நெசமா?"

"அட, விடு, அதெல்லாம் பழைய..."

"நெசமான்னு கேக்கறேன்."

கவண் தலையை ஆட்டினார். 

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்களைத் திட்டிக்கிட்டே இருக்கேனே. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான் கொளுத்தலைடின்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா கை முளைச்சிடுமா?" என்றார் கவண்.

அவள் அழுவாள் என்று இன்னொருதரம் நினைத்தார். அழவில்லை. எழுதிய தாளை நான்காகக் கிழித்தாள். புதுத் தாளை எடுத்துத் திரும்பவும் தேதி போட்டாள். "சொல்லுங்க" என்றாள் இவரிடம், பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல. அவர் சொன்னார். திரி, பாதி விரல், கொளுத்தியது, கையில் கொடுத்தது, ஆஸ்பத்திரி வராந்தா. அவள் குண்டு குண்டாக அழகாக எழுதினாள். கவண் இடையில் புகுந்து, "இதைக் கொண்டு போய்க் குடுத்தா அவனுக்குக் கார்டு கிடைக்காதும்மா" என்றார். "அது அவர் பாடு" என்றாள். கீழே இவரிடம் கையெழுத்து வாங்கி, மடித்து இவர் கையில் கொடுத்தாள். "டீ ஆறிப்போச்சு. வேற போட்டுத் தர மாட்டேன்."

அன்று சாயங்காலமே தன் மனைவியிடமும் சொல்லிவிட்டார். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். "அவங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது. எனக்குச் சொல்ல இத்தனை வருஷம் வாய் வரலையா?" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த லெட்டரை என்ன பண்ணப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். எழுத்துகள் ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கிக் கிடந்தன. 'வெடியைக் கொளுத்தியது நான்தான். அவன் படகில் சும்மா உட்கார்ந்திருந்தான்.' கீழே கவணின் கையெழுத்து, பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை. ஓரத்தில் பென்சிலால், 'அவளுக்குத் தெரிய வேண்டாம். இதைக் கொடுத்துவிடு' என்றிருந்தது.

ஐம்பத்தெட்டாவது நாள் அவர் இரண்டு கடிதத்தோடும் கார்டு அலுவலகத்துக்குப் போனார். டீச்சர் எழுதியது இடது சட்டைப்பையில், கவண் எழுதியது வலது கால்சட்டைப்பையில். ஸ்டோர் கிளார்க்கிடம் வழியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கிளார்க், "அண்ணே, கை போனவரே கொளுத்தினேன்னு எழுதிக் குடுத்திருக்கார். ஏத்துக்கிட்டுப் போங்க. நீங்க இல்லாம அந்த ஜெட்டியில யாரு போய் ரெண்டாந்தரம் பாக்கப்போறா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வரிசையில் ஏழாவது ஆளாக உட்கார்ந்திருந்தபோது இரண்டையும் எடுத்துப் பார்த்தார். டீச்சர் எழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கவண் தாளில் 'கொளுத்தியது' என்ற சொல் சரியாக வரவில்லை. எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, தாள் அந்த இடத்தில் தேய்ந்து கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அந்தச் சொல்லை எழுத மட்டும் அந்த மனிதருக்கு எத்தனை நேரம் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். ஆறு பேர், ஐந்து பேர், நான்கு பேர் என்று முன்னால் ஆட்கள் குறைந்தார்கள். இரண்டையும் திரும்பப் பைகளில் செருகினார். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கூப்பிட்டார்கள்.

அதிகாரி கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். "லெட்டர் வாங்கிட்டீங்களா? குடுங்க, இன்னைக்கே முடிச்சுடலாம்."

அவர் டீச்சர் எழுதியதைக் கொடுத்தார்.

அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார். சிரிப்பு மறைந்தது. இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை நான் கோப்புல வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"விலக்குக்கு வழியே இல்லை. தீர்ப்பையும் இதையும் பக்கத்துல வெச்சா, கோர்ட்ல பொய் சொன்னதாவும் ஆகுது. இதை நீங்க கொண்டு வராம இருந்திருந்தா இந்நேரம் கார்டு உங்க கையில." அவர் கண் இவருடைய கால்சட்டைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த உறையில் பட்டது. "அது என்ன, இன்னொரு லெட்டரா?"

"அது எனக்கு வந்தது மேடம்" என்றார் இன்னொருதரம். கையால் அதை உள்ளே தள்ளினார்.

அதிகாரி கடிதத்தைக் கோப்பில் வைத்தார். பிறகு முத்திரையை எடுத்தார். நல்ல மனுஷிதான், ஆனால் விதி அவர் எழுதியதல்ல. நீலக் கார்டைக் கழற்றித் தரச் சொன்னார். மூலையை வெட்டி டிராயரில் போட்டார். இருபத்துமூன்று வருட உத்தியோகம் அத்தோடு முடிந்தது. கோர்ட் விஷயமாகப் பிறகு கடிதம் வரலாம் என்றார். வராமலும் போகலாம் என்றார். இன்னொருதரத்துக்குக் கவலைப்பட அதுவும் ஒன்று கிடைத்தது.

கம்பெனியில், வேலிக்கு வெளியே ஏதாவது வேலை இருந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மனைவி தையல் கூடத்தில் கூடுதலாக வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். மகளிடம் போனில் சொன்னபோது அவள், "சாப்ட்டீங்களாப்பா?" என்றாள். அவர் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து, தெருவில் லாரி போகும் சத்தம் கேட்டால் எந்தச் சரக்கு என்று காது கொடுத்துக் கேட்டார். கேஸ் அடுப்பின் குழாயை நாளுக்கு எட்டுத் தரம் பார்த்தார். தப்புச் செய்துவிட்டோமோ, பெண்டாட்டி பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னவனுக்கு மனம் லேசாகும் என்பார்களே, அப்படி எதுவும் ஆகவில்லை.

பத்து நாள் கழித்து, கார்டு போன செய்தி காதில் விழுந்து கவண் போன் செய்தார்.

"முட்டாள்! நான் எழுதி அனுப்பினதை என்னடா பண்ணே?"

"வெச்சிருக்கேன்."

"எதுக்கு, கண்ணாடி போட்டு மாட்டவா? அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு அரை நாள் ஆச்சுடா." மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். கடையில் டீச்சர் இல்லாத நேரமாக இருக்க வேண்டும். "இங்க பாரு, எனக்கு ஒரு கஷ்டம். அவ இப்பல்லாம் என்னைத் திட்டறதே இல்லடா. பொத்தானை மாத்திப் போட்டா பேசாம வந்து சரி பண்ணி விடறா. எண்ணெய்க் கையோட டம்ளரை எடுத்தா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. பார்த்துப் பார்த்து சோறு போடறா. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி அழறாளோன்னு சந்தேகம். ஞாயித்துக்கிழமை நீ வா."

"நான் வந்து என்னடா பண்ண?"

"உன்னைத் திட்டட்டும். யாரையாவது திட்டணுமில்ல அவ?"

போவதா வேண்டாமா என்று நான்கு நாள் பதறினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அவருக்கு முன்பே புறப்பட்டுத் தயாராக நின்றாள். "நானும் வரேன். திட்டறதுல எனக்கும் பாதி பாக்கி இருக்கு" என்றாள்.

டீச்சர் கதவைத் திறந்தாள். இவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் இவர் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். பிறகு திரும்பி ஆரம்பித்தாள். ஒரு நாள்கூட வந்து எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா என்றாள். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, ஜெயிலில் ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை, எதற்காவது வந்தீர்களா என்றாள். இந்த மனுஷன் ஒற்றைக் கையால் முதல் பஞ்சர் ஒட்டப் பழகுவதற்குள் எத்தனை டியூப் கிழிந்தது தெரியுமா என்றாள். ஒவ்வொன்றுக்கும் இவர் மனைவி, "கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றாள். இன்னொருதரம் நின்றபடியே கேட்டார். ஒன்றையும் மறுக்கவில்லை. கடைசியில் அவள் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், கதவோரம் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"நீங்க என்ன அங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க? வந்த மனுஷன் எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே இருக்கார். போய் நாற்காலியை எடுத்துட்டு வாங்க, ஒரு கை இருக்குல்ல?"

"இதோ, இதோ" என்று கவண் கடைப்பக்கம் ஓடினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இன்னொருதரம் அவர் பின்னாலேயே போய், அவரால் எடுக்க முடியாத இரண்டாவது நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தார்.